வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீடு

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார்' என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. கட்டுவதற்குக் காணியும் பொருளும் இன்றி, உத்தியோகத்தை முன்னிட்டுத் தலைநகருக்கு வந்துசேர்ந்தவர்கள் அதனோடு வேறொன்றையும் சேர்த்துக்கொள்வர்: 'வாடகைக்கு ஒரு வீடு தேடிப்பார்' என்பதே அது. அரசர்களின் போர்களும் ஆட்சி மாற்றங்களும் ஏடுகளில் இடம்பெறுதல் போல வாடகை வீடு தேடியவர்களின் கதை இடம்பெறுவதில்லை. ஆயினும், ஒரு நகரம் எவ்வாறு வளர்ந்தது, அதில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கதவு அடைக்கப்பட்டது என்பவற்றை அறிய விரும்புவோருக்கு அக்கதையைவிட நல்ல சான்று வேறில்லை. கொழும்பின் தென் எல்லையில் அமைந்த வெள்ளவத்தை, இவ்வகையில் ஆராயத்தக்கதோர் இடமாகும்.

வெள்ளவத்தையின் அமைப்பு எளியது. மேற்கே கடல், வடக்கே வெள்ளவத்தைக் கால்வாய், தெற்கே தெகிவளைக் கால்வாய். ஊரின் நடுவே வடக்குத் தெற்காகக் காலி வீதி செல்கின்றது. அவ்வீதியிலிருந்து கடலை நோக்கியும் உள்நாட்டை நோக்கியும் ஒழுங்கைகள் பிரிகின்றன. அவற்றுட் சில இராமகிருஷ்ண வீதி, உருத்திரா மாவத்தை எனப் பெயர் பெற்றவை. வேறு சில முப்பத்தேழாவது ஒழுங்கை, ஐம்பத்தேழாவது ஒழுங்கை என எண்ணாலேயே வழங்குபவை. கடைகள் காலி வீதியில், வீடுகள் ஒழுங்கைகளில். இந்த அமைப்பே இவ்வூரின் தலைவிதியைத் தீர்மானித்தது எனலாம். எந்த ஒழுங்கையில் வீடு எடுப்பினும் சில நிமிட நடையிற் கடைத்தெருவை அடைந்துவிடலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கொழும்பு நகரின் உயிர்நிலை கோட்டையும் புறக்கோட்டையுமே ஆகும். செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் வணிகரும் தொழிலாளரும் நெருங்கி வாழ்ந்தனர். வெள்ளவத்தையோ தென்னந்தோட்டங்கள் நிறைந்த ஒரு புறநகராக இருந்தது. அதனை நகரோடு பிணைத்தது கரையோரப் புகையிரதப் பாதையாகும். கோட்டையிலிருந்து தெற்கு நோக்கிப் படிப்படியாக நீண்ட அப்பாதை 1894இற் காலியையும், 1895இல் மாத்தறையையும் எட்டியது. 1899ஆம் ஆண்டளவில் ஓடத் தொடங்கிய மின்சாரத் திறாம் வண்டிகள் கிராண்ட்பாசையும் பொரளையையும் கோட்டையோடு இணைத்தனவேயன்றித் தென்புறம் வரவில்லை. ஆதலால், வெள்ளவத்தைக்கு உயிர் கொடுத்தது புகையிரதமே. காலையிற் கடற்காற்றை நுகர்ந்தவாறு வண்டியேறி அலுவலகம் சென்று, மாலையில் வீடு திரும்பும் வாழ்க்கை அங்கே தோன்றிற்று. அந்நூற்றாண்டின் இறுதியிற் கால்வாயருகே எழுந்த நெசவாலையும் தொழிலாளர் பலரை இப்பகுதிக்கு ஈர்த்தது.

வட இலங்கையிலும் இதே காலத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மிசன் பாடசாலைகளிலும் சைவப் பாடசாலைகளிலும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அரசாங்க சேவையில் இலிகிதர்களாகச் சேர்ந்தனர். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை நிறைவெய்தியதும் கொழும்பு அவர்களுக்கு ஓர் இரவுப் பயணத் தூரமாகிவிட்டது. வந்த இளைஞர்கள் தனித்தனியே வீடெடுக்க வசதியற்றவர்கள். எனவே, ஐவரும் அறுவரும் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பெற்று, ஒரு சமையற்காரரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டு வாழ்ந்தனர். 'சமறி' என்று வழங்கியது இக்கூட்டு வாழ்க்கையே. ஒருவருக்கு இடமாற்றம் கிடைத்தால் அவருடைய கட்டிலுக்கு அவரது ஊரவரோ உறவினரோ வருவர். வீடு தேடுதல் என்பது அக்காலத்திற் பெரும்பாலும் ஓர் ஊரவரைத் தேடுதலாகவே இருந்தது. விளம்பரமும் தரகரும் பின்னர் வந்தவை.

திருமணமாகிக் குடும்பம் வந்தபோது தேவை மாறியது. இளைஞனுக்கு அலுவலகத்திற்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட தூரமே முக்கியம். இல்லறத்தாருக்கோ சந்தைக்கும் கோயிலுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரமும் முக்கியமாயிற்று. குளிர்சாதனப் பெட்டி எல்லா வீடுகளிலும் இல்லாத காலத்தில் மீனும் மரக்கறியும் நாள்தோறும் வாங்கப்பட வேண்டியவை. அலுவலகம் சென்ற கணவர் மாலையிலன்றித் திரும்பமாட்டார். சிங்களம் அறியாத இளம் மனைவி, கைக்குழந்தையோடு தனித்துச் சென்று, தன் மொழியிலேயே விலை பேசி வாங்கித் திரும்பக்கூடிய கடை ஒன்று கூப்பிடு தூரத்தில் இருத்தல் வேண்டும். வெள்ளவத்தைச் சந்தையும் காலி வீதியின் பலசரக்குக் கடைகளும் அந்தத் தேவையை நிறைவேற்றின. ஒடியல் மா, பனங்கட்டி, நல்லெண்ணெய், பருவகாலத்திற் கறுத்தக் கொழும்பான் மாம்பழம், யாழ்ப்பாணத்து முருங்கைக்காய் என்பன அங்கு வந்து சேர்ந்தன. கடைகள் தமிழ்க் குடும்பங்களை ஈர்த்தன. குடும்பங்கள் பெருகப் பெருகக் கடைகளும் பெருகின. இவற்றுள் எது முந்தியது எனக் கேட்பது வித்து முந்தியதோ மரம் முந்தியதோ எனக் கேட்பதற்கு ஒப்பாகும்.

சமூக நிறுவனங்களும் அவ்வாறே வளர்ந்தன. இராமகிருஷ்ண மிசன் இங்கு நிலைகொண்டது. சைவ மங்கையர் கழகத்தின் பெண்கள் பாடசாலை 1930களில் உருவாயிற்று. 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் பின்னர் வெள்ளவத்தையிலேயே நிலையான இல்லம் கண்டது. அயலூராகிய பம்பலப்பிட்டியிற் கதிரேசன் கோயில்களும், 1951இல் ஆரம்பிக்கப்பட்ட இந்துக் கல்லூரியும் அமைந்தன. ஆயினும், இவ்வூர் ஓர் இனத்தாருக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. சிங்களரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். சிங்கள நாவலாசிரியர் டபிள்யூ. ஏ. சில்வா வாழ்ந்த ஊரும் இதுவே. அவர் பெயர் இன்றும் ஒரு வீதிக்கு வழங்குகின்றது. 1950களிலும் 1960களிலும் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவிற்குக் குடிபெயர்ந்தபோது அவர்களுடைய வீடுகள் கைமாறின.

கடைக்கு அண்மையில் வீடு வேண்டும் என்ற விருப்பத்தை, இரண்டாம் உலகப் போர் மேலும் வலியுறுத்திற்று. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் தேதி கொழும்பின்மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடும் நடைமுறைக்கு வந்தது. குடும்பத்தின் கூப்பன் புத்தகம் குறிப்பிட்ட ஒரு கடையிற் பதியப்பட்டிருந்தமையால், 'எங்கே வீடு?' என்னும் வினாவோடு 'எந்தக் கடையிற் கூப்பன்?' என்பதும் சேர்ந்துகொண்டது. 1979இல் உணவு முத்திரைத் திட்டம் அதன் இடத்தைப் பெறும்வரை, வீடு மாறுதல் என்பது கூப்பன் மாற்றுதலையும் உட்கொண்டதாகவே இருந்தது.

அதே 1942ஆம் ஆண்டில் வாடகை வீட்டின் வரலாற்றைத் திசைதிருப்பிய மற்றொரு செயலும் நிகழ்ந்தது. போர்க்காலத்தில் வீடுகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி வாடகையை உயர்த்துவோரைத் தடுப்பதற்காக வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. போர் முடிந்தபின்னும் தட்டுப்பாடு நீங்கவில்லை. ஆகவே 1948இல் 29ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரின் பாதுகாப்பை மேலும் வலுப்படுத்திற்று.

இச்சட்டங்களின் சாரம் இது. சட்டம் வரையறுத்த வாடகைக்கு மேல் வீட்டுக்காரர் பெறலாகாது. மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட முற்பணம் கேட்டலும் கூடாது. வாடகை நிலுவை, எழுத்து மூலமான இசைவின்றி வேறொருவருக்கு மறுவாடகைக்கு விடுதல், வீட்டுக்காரருக்கு நியாயமான சொந்தத் தேவை என்பன போன்ற குறித்த காரணங்களைக் காட்டி நீதிமன்றத்தை நாடினாலன்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. குடியிருப்பவர் இறந்தாலும், அவருடன் வாழ்ந்த குடும்பத்தினர் அவ்வுரிமையைத் தொடர்தற்கு வழியுண்டு. இவற்றோடு 1973ஆம் ஆண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் வந்தது. ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகை வரையறுக்கப்பட்டது. மேலதிக வீடுகள் அரசாங்கத்தின் வீடமைப்பு ஆணையாளரைச் சார, அவற்றில் வாடகைக்கு இருந்தோர் அவற்றை விலைக்குப் பெற வாய்ப்பு உண்டாயிற்று.

வாடகை கொடுக்க இயலாது தெருவிற்கு வரவேண்டுமோ என அஞ்சிய எத்தனையோ குடும்பங்களுக்கு இச்சட்டங்கள் உண்மையான காவலாக அமைந்தன என்பதில் ஐயமில்லை. குறைந்த சம்பளம் பெற்ற இலிகிதர் ஒருவர் ஒரே முகவரியில் இருந்து தம் பிள்ளைகள் அனைவரையும் படிப்பித்து முடிக்க முடிந்தது. ஆனால், இக்காவலுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உள்ளே இருப்பவரை எளிதில் எழுப்ப முடியாது என்பதை உணர்ந்த வீட்டுக்காரர், வெளியே நின்று கேட்பவருக்குக் கதவைத் திறக்கத் தயங்கினார். வரையறுத்த வாடகைக்குக் கூரையோட்டையும் மாற்ற முடியாதெனச் சிலர் வீட்டைப் பழுதடைய விட்டனர். பலர் வாடகைக்கு விடுவதற்கென்று புதிய வீடு கட்டுவதையே கைவிட்டனர். சாவியை ஒப்படைப்பதற்கெனப் பற்றுச்சீட்டின்றி ஒரு தொகையைக் கேட்கும் வழக்கமும் தோன்றியது. சட்டம் அதனைத் தடைசெய்தபோதிலும், வீடு வேண்டியவர் முறையிடுவதில்லை. முறையிட்டவருக்கு வீடு கிடைப்பதில்லை. உள்ளே இருந்தவரைக் காத்த சட்டம், வெளியே நின்றவருக்கு மதிலாயிற்று.

இந்நிலையிலேயே 'அனெக்ஸ்' என்னும் குடியிருப்பு வகை பெருகிற்று. வீட்டுக்காரர் தாம் வாழும் வீட்டின் ஒரு பகுதியை, அல்லது அதனோடு ஒட்டிக் கட்டிய இரண்டு அறைகளைத் தனிவாசல் வைத்து வாடகைக்கு விடுவார். அங்கே வருபவரை அவர் நாள்தோறும் காண்பார். ஆதலால், யாருக்குக் கொடுப்பது என்பதில் மிகுந்த கவனம் செலுத்துவார். நாளிதழ்களின் சிறு விளம்பரங்களில் இதன் சாயலைக் காணலாம்: சிறிய குடும்பம் விரும்பப்படும், உத்தியோகம் பார்ப்போர் மட்டும், சைவ உணவினர் மட்டும், காலி வீதிக்கு அண்மையில். வீட்டின் அளவைக் குறிப்பிடாத விளம்பரமும் கடைத்தெருவின் அண்மையைக் குறிப்பிடத் தவறாது.

ஒப்பந்தமும் வாய்மொழியாகவே பெரிதும் நடந்தது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட உறுதியாக இருத்தல் வேண்டும். அச்செலவையும் அலைச்சலையும் தவிர்க்க, இரு திறத்தாரும் மாதாந்த வாடகை என்னும் ஏற்பாட்டோடு அமைதி கண்டனர். இவ்வாறு எழுத்தின் இடத்தை நம்பிக்கை நிரப்பியது. 'யாருடைய மகன்? எந்த ஊர்? யார் சொல்லி வந்தது?' என்னும் மூன்று வினாக்களே பல வாடகை ஒப்பந்தங்களின் முதற் பக்கமாக இருந்தன. ஊரும் உறவும் உடையவருக்கு இவ்வினாக்கள் வரவேற்பாகும். அவை அற்றவருக்கோ, அல்லது ஊர்ப்பெயரைக் கேட்டுச் சாதியை எடைபோடும் வீட்டுக்காரரிடம் சென்றவருக்கோ, அவையே தடையாயின என்பதையும் வரலாறு மறைத்தல் தகாது.

நம்பிக்கையின் மீது நின்ற இவ்வாழ்க்கைக்கு இனக்கலவரங்கள் பேரிடியாயின. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கொழும்பிலிருந்த தமிழர் பலர் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். நிலைமை தணிந்ததும் பெரும்பாலோர் திரும்பினர். 1977இல் மீண்டும் அச்சம் சூழ்ந்தது. 1983 யூலையில் நிகழ்ந்தது முன்னையவற்றையெல்லாம் விஞ்சியது. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் வீடுகளும், காலி வீதியிற் கடைகளும் தீக்கிரையாயின. தாக்க வந்தோர் சிலரின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன எனப் பலரும் சாட்சியம் பகர்ந்துள்ளனர். நிலையான முகவரி உடையவர் என்பதற்கு அத்தாட்சியாயிருந்த ஏடே அன்று ஆபத்தாயிற்று. அயலவரான சிங்களக் குடும்பங்கள் பல, தமிழர்களைத் தம் வீடுகளில் ஒளித்துவைத்துக் காத்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாக மாறியது. நடந்து செல்லும் தூரத்தில் பாடசாலை வேண்டுமென எண்ணி வீடெடுத்தவர்கள், அந்தப் பாடசாலையின் மண்டபத்திலேயே பாய் விரித்துப் படுக்க நேர்ந்தது.

அதன்பின் வெள்ளவத்தை தமிழர் இல்லாத ஊராகிவிடும் என்று எண்ணியவர்கள் இருந்தனர். நிகழ்ந்ததோ மறுதலை. வடக்கிலும் கிழக்கிலும் போர் நீண்டது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து மக்கள் பேரளவில் இடம்பெயர்ந்தனர். வெளிநாடு செல்லக் காத்திருப்போர், மருத்துவத்திற்கு வந்தோர், பிள்ளைகளின் படிப்பின் பொருட்டு வந்தோர் யாவரும் கொழும்பையே நாடினர். மொழி தெரிந்த கடைகளும் உறவினரும் இருந்த இடமாதலால் வெள்ளவத்தை அவர்களின் முதற்றெரிவாயிற்று.

இத்தனை பேருக்கும் பழைய தோட்டவீடுகள் போதுமானவை அல்ல. அதற்கு வேண்டிய சட்ட அடித்தளம் முன்னரே இடப்பட்டிருந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒரு மாடியை, அல்லது ஒரு பகுதியை மட்டும் தனி உறுதியோடு ஒருவர் உடைமையாக்க 1970, 1973 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வழிசெய்தன. பம்பலப்பிட்டியில் அரசாங்கம் அமைத்த தொடர்மாடி வீடுகள் மாடி வாழ்க்கையை மக்களுக்கு முன்பே அறிமுகம் செய்திருந்தன. 1980இல் வாடகைச் சட்டத்திற்குச் செய்யப்பட்ட திருத்தம் புதிய வீடுகள் பலவற்றைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. 1990களிலும் அதன் பின்னரும் ஒழுங்கைகளின் முற்றங்களும் மாமரங்களும் மறைய, மாடிகள் எழுந்தன. உரிமையாளர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். சாவி அவருடைய உறவினரிடமோ தரகரிடமோ இருக்கும். பழைய சட்டத்தின் மூன்று மாத முற்பணம் மறைந்து, ஆறு மாதத்தினதும் ஓர் ஆண்டினதும் வாடகையை முன்கூட்டியே கேட்கும் வழக்கம் பரவிற்று. மாதச் சம்பளத்தில் வாழ்பவர் அவ்வளவு தொகையை ஒருங்கே திரட்டுதல் எளிதன்று. அவர் கால்வாயைக் கடந்து தெகிவளைக்கும், அதற்கு அப்பால் இரத்மலானைக்கும் தள்ளப்பட்டார்.

போர்க்காலத்தில் வீடு தேடியவருக்கு வேறொரு சுமையும் இருந்தது. அவசரகால விதிகளின்கீழ், வீட்டில் யார் யார் தங்கியுள்ளனர் என்பதைப் பொலிசாரிடம் பதிவு செய்தல் வேண்டும். அந்தப் பதிவைப் பெறுவதற்கு வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு வேண்டும். தொல்லைக்கு அஞ்சிய வீட்டுக்காரர் பலர், வடக்கிலிருந்து புதிதாக வந்த இளைஞருக்கு இடம் கொடுக்க மறுத்தனர். மறுத்தவர்களில் தமிழரும் அடங்குவர். வீடு கிடைக்காதவர்கள் விடுதிகளில் தங்கினர். 2007 யூன் 7ஆந் தேதி, வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளிலுள்ள விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் அந்நடவடிக்கையை நிறுத்துமாறு இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. நாட்டின் குடிமகன் தன் நாட்டின் தலைநகரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கலாமா என்பதே அன்று நீதிமன்றத்தின்முன் நின்ற வினாவாகும். ஒரு வாடகை அறையின் பெறுமதி எத்துணை என்பதை அந்நாள் உணர்த்திற்று.

2009இற் போர் முடிவுற்றது. அதன் பின்னும் இத்தேடல் ஓயவில்லை. அரசாங்கப் பாடசாலையில் முதலாம் வகுப்பிற்குப் பிள்ளையைச் சேர்க்க விழையும் பெற்றோர், வதிவிடத்தை நிரூபிக்கும் உறுதியையோ குத்தகைப் பத்திரத்தையோ காட்ட வேண்டியிருந்தது. பாடசாலைக்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட தூரம் புள்ளிகளாகக் கணக்கிடப்பட்டது. அன்று வாய்மொழியால் அமைந்த ஒப்பந்தம் இன்று நொத்தாரிசின் முத்திரையை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வாடகை வீட்டின் பெறுமதியை அதன் சுவரையும் கூரையையும் கொண்டு மதிப்பிடல் இயலாது என்பதற்கு இவ்வூரின் வரலாறு சான்று பகர்கின்றது. கடைக்கும் பாடசாலைக்கும் எத்தனை அடி நடக்கவேண்டும் என்பது முதல் அளவு. சட்டம் யாரைக் காக்கின்றது, யாரை வெளியே நிறுத்துகின்றது என்பது இரண்டாவது. அயலவர் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகின்றனர் என்பது மூன்றாவது. முதலாவதை நகரை அமைப்போர் அமைத்துத் தரலாம். இரண்டாவதைச் சட்டமியற்றுவோர் திருத்தலாம். மூன்றாவதை அவ்வாறு கட்டளையால் ஆக்குதல் அரிது. கலவர நாளில் அயலவருக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட குடும்பங்களும், ஊர்பேர் கேளாது சாவியைக் கையில் கொடுத்த வீட்டுக்காரர்களுமே அதனை ஆக்கியவர்கள். நகரத்தில் இடம் தேடி வருபவர் இனிமேலும் வருவர். அவர்களுக்குக் கிடைக்கும் வீடு எத்தகையது என்பது, அவ்வீட்டின் கதவைத் திறப்பவரையும் பொறுத்ததாகும்.